ராணுவப் பயிற்சிக்குப் போய்வரும் பிள்ளைகளின் வேலை: டெரிட்டோரியல் ஆர்மி சட்டம் என்ன சொல்கிறது?

டெரிட்டோரியல் ஆர்மியில் சேர்வது குறித்து தச்சநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் நம் பிள்ளைகள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும், என்ன படித்திருக்க வேண்டும், சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் கேட்கிறார்கள். இதைவிட முக்கியமான ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. பயிற்சிக்கு அழைப்பு வந்து இரண்டு மாதம் போய்விட்டால், இங்கே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை என்னாகும்? இதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. அந்தப் பதில் தெரியாததால் வேலையை இழந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளும் பெற்றோரும், கடை வைத்தும் கம்பெனி நடத்தியும் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் நம் சகோதரர்களும் அறிந்துகொள்ள வேண்டிய விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

இது எந்த ராணுவம்?

டெரிட்டோரியல் ஆர்மியைத் தமிழ்ப் பத்திரிகைகள் பிராந்திய ராணுவம் என்று எழுதுகின்றன. முழுநேர ராணுவத்துக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. சொந்தமாக ஒரு தொழிலோ வேலையோ உள்ளவர்கள் வருடத்தில் குறிப்பிட்ட காலம் சீருடை அணிந்து பயிற்சி பெறுவார்கள், தேவை ஏற்பட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு அழைக்கப்படுவார்கள், மற்ற நாட்களில் தங்கள் பிழைப்பைப் பார்ப்பார்கள். வெள்ளையர் ஆட்சியில் 1920-இல் இந்தியன் டெரிட்டோரியல் ஃபோர்ஸ் என்ற பெயரில் இதற்கு ஒரு முன்னோடி இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் டெரிட்டோரியல் ஆர்மி சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி இந்தப் படையை முறைப்படி தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி. ஆண்டுதோறும் அந்தத் தேதிதான் டெரிட்டோரியல் ஆர்மி தினம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதிகம் தெரிந்த பிரிவுகள் கோயம்புத்தூரில் உள்ள 110-ஆவது பட்டாலியனும் திருச்சியில் உள்ள 117-ஆவது பட்டாலியனும். கிரிக்கெட் வீரர் தோனியும் மலையாள நடிகர் மோகன்லாலும் லெப்டினன்ட் கர்னல் சீருடையில் இருக்கும் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குத் தரப்பட்டவை இந்தப் படையின் கௌரவப் பதவிகள். நம் பிள்ளைகள் சேர்வது கௌரவத்துக்கு அல்ல, உண்மையான பணிக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வயது 18 முதல் 42 வரை. முழுநேர ராணுவத்திலோ போலீஸிலோ துணை ராணுவத்திலோ இருப்பவர்கள் இதில் சேர முடியாது. அதிகாரிப் பதவிக்கு விண்ணப்பிப்பவர் பட்டதாரியாகவும், சம்பாதிக்கும் ஒரு வேலையோ தொழிலோ உள்ளவராகவும் இருக்க வேண்டும். வேலை இல்லாதவருக்கு வேலை கொடுக்கும் இடம் இது அல்ல. இது முழுநேர வேலை ஆகாது, பென்ஷனுக்கு உத்தரவாதமும் கிடையாது என்று அந்தப் படையே தன் அறிவிப்புகளில் சொல்லிவிடுகிறது. பெண் பார்க்கப் போகும் இடத்தில் 'மாப்பிள்ளை மிலிட்டரியில் இருக்கிறார்' என்று மட்டும் சொல்லிவிட்டு வருபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

காலாட்படைப் பிரிவில் சேரும் அதிகாரிக்கு முதல் ஆண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி உண்டு. ஆண்டுதோறும் இரண்டு மாத முகாம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் டேராடூன் இந்திய ராணுவ அகாடமியில் மூன்று மாதப் பயிற்சியும் உண்டு. இந்தக் காலத்துக்கான சம்பளத்தை ராணுவம் தருகிறது. இப்படிப் பயிற்சிக்கோ பணிக்கோ முறைப்படி அழைத்துச் சேர்த்துக்கொள்வதை ராணுவத்தில் 'எம்பாடி' செய்வது என்கிறார்கள், திருப்பி அனுப்புவதை 'டிஸ்எம்பாடி' என்கிறார்கள். இந்த இரண்டு சொற்களும் உத்தரவுகளில் வரும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் 7-ஏ பிரிவு

வேலைப் பாதுகாப்பைத் தருவது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஏ பிரிவு. இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டவர் அந்தப் பணி முடிந்து திரும்பும்போது, அவரை வேலைக்கு வைத்திருந்த முதலாளி மீண்டும் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. ஏதோ ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்லவும் முடியாது. அவர் போகாமல் இங்கேயே தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பாரோ, அதற்குக் குறையாத நிலையில் சேர்க்க வேண்டும். அதாவது, அவர் முகாமில் இருந்த காலத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் சம்பளம் கூடியிருந்தால், அவரைப் பழைய சம்பளத்தில் உட்கார வைப்பது இந்தப் பிரிவுக்குப் பொருந்தாது.

முதலாளி மறுத்தால், அல்லது சேர்க்க இயலாத நிலை என்று சொன்னால், இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் விதிகளில் குறிப்பிடப்பட்ட அதிகாரியிடம் விஷயத்தைக் கொண்டுபோகலாம். அந்த அதிகாரி இரு தரப்பையும் பார்த்து மூன்றில் ஒன்றை உத்தரவிடுவார். முதலாளிக்கு விலக்கு அளிக்கலாம். தான் பொருத்தமெனக் கருதும் நிபந்தனைகளோடு மீண்டும் வேலை தரச் சொல்லலாம். அல்லது கடைசியாக வாங்கிய சம்பளத்தின் கணக்கில் ஆறு மாதச் சம்பளத்துக்கு மிகாத தொகையை நஷ்டஈடாகக் கொடுக்கச் சொல்லலாம். உத்தரவுக்குப் பணியாத முதலாளிக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதோடு ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையைக் கொடுக்கும்படியும் நீதிமன்றம் உத்தரவிடும்.

1,000 ரூபாய் அபராதம் என்பது இன்றைய நிலையில் ஒரு பெரிய கடையின் ஒரு நாள் டீச் செலவு. அந்தக் காலத்தில் அது பெரிய தொகையாக இருந்திருக்கும். நம் பார்வையில் இந்தச் சட்டத்தின் பலம் அபராதத்தில் இல்லை, ஆறு மாதச் சம்பளத்தில் இருக்கிறது.

இதே பிரிவில் பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு விதியும் உண்டு. போகவிருக்கிறான் என்று தெரிந்ததும் முன்கூட்டியே வேலையிலிருந்து நீக்கிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று சில முதலாளிகள் நினைக்கலாம். சட்டம் அந்த வழியை அடைத்துவிட்டது. கடமையைத் தட்டிக்கழிக்கும் நோக்கத்தோடு முன்னதாகவே நீக்கினாலும் மீண்டும் சேர்க்கும் கடமை அவர் மீது இருக்கவே செய்கிறது. அழைப்பு உத்தரவு பிறந்த பிறகு நீக்கினால் அந்த நோக்கம் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு.

அடுத்து வரும் 7-பி பிரிவு பிராவிடன்ட் ஃபண்ட் போன்ற சேமநலத் திட்டங்களைப் பற்றியது. ராணுவப் பணியில் இருக்கும் காலத்திலும், திரும்பி வேலையில் சேரும் வரையிலும், அந்தத் திட்டங்களில் விதிகள் குறிப்பிடும் உரிமைகள் அவருக்குத் தொடரும்.

இரண்டு மாதக் கெடு

சில வருடங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து ஒரு வாப்பா நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், பையன் கேம்ப் முடிச்சு வந்துட்டான். முதலாளி அடுத்த மாசம் பாக்கலாம், அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்றார். என்ன செய்ய?" என்று கேட்டார். மகன் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். எப்போது திரும்பி வந்தான் என்று விசாரித்தபோது நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலாளி மனம் கோணக் கூடாது என்று எழுத்தில் எதுவுமே கொடுக்கவில்லை. போனிலும் நேரிலும் மட்டும் கேட்டிருக்கிறான்.

7-ஏ பிரிவில் முதலாளிக்கு ஒரு தற்காப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. ராணுவப் பணி முடிந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஊழியர் மீண்டும் வேலை கேட்டு விண்ணப்பிக்கவில்லை என்று நிரூபித்தால் முதலாளி தப்பித்துக்கொள்ளலாம். வாய் வார்த்தையாகக் கேட்டதை எப்படி நிரூபிப்பது? அந்தப் பையனிடம் கடிதத்தின் நகலும் இல்லை, தபால் ரசீதும் இல்லை. அவனை அந்த நிறுவனம் மீண்டும் சேர்க்கவேயில்லை. கடைசியில் கங்கைகொண்டான் சிப்காட்டில் குறைந்த சம்பளத்தில் வேறொரு வேலைக்குப் போனான். உரிமை இருந்தும், ஒரு பக்கக் கடிதம் இல்லாததால் கைவிட்டுப் போனது.

ஆகவே முகாமிலிருந்து திரும்பியதும் சொந்தபந்தங்களைப் பார்க்கும் முன் இந்தக் கடிதத்தை எழுதிவிடுங்கள். எந்தத் தேதியில் ராணுவப் பணி முடிந்தது, எந்த வேலையில் இருந்தேன், எந்தத் தேதியிலிருந்து மீண்டும் வேலைக்கு வரத் தயார் என்ற மூன்று விவரமும் இருந்தால் போதும். டிஸ்எம்பாடி உத்தரவின் நகலை இணைத்துத் தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். கம்பெனிக்கு ஈமெயில் இருந்தால் அதிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். முதலாளி நல்லவர், தினமும் சலாம் சொல்லிக்கொள்கிறோம் என்பதற்காகக் கடிதத்தை நிறுத்திவிட வேண்டாம். நல்ல முதலாளி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

போகும்போதும் இதே ஒழுங்கு தேவை. அழைப்பு உத்தரவு கைக்கு வந்ததும் அதன் நகலோடு முதலாளிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். எந்தப் பிரிவின் கீழ், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது உத்தரவில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் யூனிட் அலுவலகத்தில் கேட்டுத் திருத்தி வாங்குங்கள். சேர்வதற்கு முன்பே அரசு ஊழியர்கள் துறையின் தடையின்மைச் சான்றை வாங்கியிருக்க வேண்டும். தனியார் நிறுவனத்தில் இருப்பவரும் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வைப்பது நல்லது. பிற்காலத்தில் 'எனக்குத் தெரியாது' என்ற பேச்சுக்கே அது இடம் வைக்காது.

நம் ஊர்களில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தாழையூத்து சிமென்ட் ஆலை போன்ற பெரிய இடங்களில் வேலை செய்பவருக்கு நியமன உத்தரவு, பிஎஃப் எண், இஎஸ்ஐ அட்டை எல்லாம் இருக்கும். டவுன் ரதவீதிகளிலும் ஜங்ஷனிலும் உள்ள கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எந்தக் காகிதமும் கிடையாது. சம்பளம் கவரில் வரும். அப்படிப்பட்டவர், தான் அங்கே வேலை பார்த்ததையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும். சம்பளத்தை வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ போடச் சொல்லிக் கேட்டுக்கொள்வது இதற்கு எளிய வழி. வருகைப் பதிவேட்டின் படம், கடைப் பெயரில் வந்த குறுஞ்செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம்.

கடைகளில் வேலை செய்வோருக்கு இன்னொரு சட்டமும் கைகொடுக்கும். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமின்றியும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். ராணுவ முகாமுக்குப் போனது நியாயமான காரணமாகாது என்று அங்கே வாதிட இடம் இருக்கிறது.

கடைக்கார சகோதரர்களுக்கு

முகாமில் இருக்கும் இரண்டு மாதத்துக்கும் நாங்கள் சம்பளம் கொடுக்க வேண்டுமா என்று சில சகோதரர்கள் கேட்டார்கள். 7-ஏ பிரிவு அப்படிச் சொல்லவில்லை. அது கேட்பது இடத்தைத்தான், கூலியை அல்ல. மதரஸாவில் இஜாரா பாடம் ஓதியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒருவருக்கென்று நேரத்தை ஒப்படைத்து வேலை செய்பவரை ஃபிக்ஹில் அஜீர் காஸ் என்கிறோம். அவர் தன்னை வேலைக்கு ஒப்படைத்திருக்கும் காலத்துக்குத்தான் அவருக்குக் கூலி கடமையாகிறது. அந்த இரண்டு மாதம் அவர் ராணுவத்துக்குத் தன்னை ஒப்படைத்திருக்கிறார், கூலியையும் ராணுவம் தருகிறது. அதே நேரத்தில், ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்று ஒரு தரப்பு மட்டும் முடிவு செய்துகொள்ள முடியாது. நாம் வாழும் நாட்டின் சட்டம் அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. சம்பளம் இல்லாவிட்டாலும் பெருநாள் போனஸைக் குறைக்காமல் கொடுக்கும் முதலாளிகளும் நம் ஊரில் இருக்கிறார்கள். அது அவர்களுடைய தாராள குணம்.

சிறிய கடைகளின் சிரமமும் உண்மைதான். ஒரே ஒரு ஆளை வைத்து நடத்தும் மருந்துக்கடைக்காரர் இரண்டு மாதம் அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது. பதில் ஆளைப் போடுவது தவறல்ல. ஆனால் பதிலுக்கு வரும் ஆளிடம் இது இரண்டு மாத வேலைதான் என்று முதல் நாளே சொல்லி, எழுத்திலும் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முகாம் முடிந்து வருபவருக்கும் நியாயம் கிடைக்காது, இடையில் வந்தவருக்கும் கிடைக்காது. இருவரும் ஒரே மஹல்லாவைச் சேர்ந்தவர்களாக இருந்துவிட்டால், அந்தப் பஞ்சாயத்து கடைசியில் ஜமாஅத்துக்குத்தான் வருகிறது. கடையையே மூடிவிட்டவர், அல்லது உண்மையிலேயே இடமில்லாதவர் விலக்கு கேட்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தொலைபேசியை எடுக்காமல் இருப்பது அந்த வழி அல்ல.

இரண்டு மாதம் மூன்று வருடமாகலாம்

பயிற்சி என்று நினைத்துச் சேருபவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2025 மே 6-ஆம் தேதி, எல்லையில் பதற்றம் மிகுந்திருந்த நேரத்தில், மத்திய அரசு ஓர் உத்தரவு பிறப்பித்தது. டெரிட்டோரியல் ஆர்மியின் ஒவ்வோர் அதிகாரியையும் வீரரையும் தேவைப்பட்டால் அழைத்துக்கொள்ளும் அதிகாரத்தை அது ராணுவத் தளபதிக்கு வழங்கியது. இருக்கும் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐப் பணியில் அமர்த்தவும் அந்த உத்தரவு இடமளித்தது. அதன் காலம் 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை.

வருடத்துக்கு இரண்டு மாதம் என்று சொல்லிப் போன மகன், இப்படி ஒரு நிலையில் நீண்ட காலம் ஊர் திரும்பாமல் இருக்க நேரலாம். 7-ஏ பிரிவு அந்த நீண்ட காலத்துக்கும் பொருந்தும். பயிற்சிக்கு அழைக்கப்பட்டாலும் முழுநேர ராணுவத்துக்குத் துணையாக அழைக்கப்பட்டாலும் இரண்டுமே ராணுவப் பணிதான். ஆனால் மூன்று வருடத்துக்குப் பிறகு பழைய இடத்தில் சேர்க்கச் சொல்லும்போது, இயலாது என்று முதலாளி எடுத்துவைக்கும் வாதத்துக்கு அதிகாரி காது கொடுக்க வாய்ப்பு அதிகம். வீட்டுக் கடன், நகைக் கடன் உள்ளவர்கள் இந்தக் கணக்கைச் சேர்வதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஊரில் வாங்கும் சம்பளம் ராணுவம் தருவதைவிட அதிகமாக இருந்தால், தனியார் முதலாளி அந்த வித்தியாசத்தைத் தர வேண்டும் என்றும் இந்தப் பிரிவு சொல்லவில்லை.

வித்தியாசத்தை ஈடுகட்டும் ஏற்பாட்டைச் சிங்கப்பூரில் பார்க்கலாம். கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்வதால் நம்மில் பலருக்கு இது தூரத்து விஷயமல்ல. அங்கே குடிமக்களான ஆண் பிள்ளைகளும், பெற்றோர் வழியாக நிரந்தர வாசம் பெற்ற ஆண் பிள்ளைகளும் இரண்டு வருடம் முழுநேர தேசிய சேவை செய்ய வேண்டும். அதன் பிறகும் ஆண்டுக்கு 40 நாட்கள் வரை ரிசர்வ் பயிற்சிக்கு அழைக்கப்படலாம். முதலாளி விடுப்புத் தர மறுக்க முடியாது, அந்தச் சேவையைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவும் முடியாது. பயிற்சி நாட்களில் இழக்கும் சம்பளத்தை ஈடுகட்ட அரசே பணம் தருகிறது. கட்டாய சேவை உள்ள நாடு என்பதால் இந்தச் செலவை அரசு ஏற்றுக்கொள்கிறது. இங்கே சேர்வது நம் விருப்பம், ஆகவே பாரமும் பெருமளவு நம் தோளில் விழுகிறது.

அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிக்கு மட்டுமின்றித் திரும்பி வருபவருக்கும் கெடு வைத்திருக்கிறது. 30 நாள் வரை போனவர் அடுத்த வேலை நாளிலேயே ஆஜராக வேண்டும். 180 நாள் வரை போனவருக்கு 14 நாளும், அதற்கு மேல் போனவருக்கு 90 நாளும் விண்ணப்பிக்க அவகாசம் உண்டு. நம் சட்டத்தில் எவ்வளவு காலம் போனாலும் ஒரே கெடு, இரண்டு மாதம்.

பெண் பிள்ளைகள் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் உள்ள 'எந்த நபரும்' என்ற சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்று 2018 ஜனவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேர்ந்தபின் 7-ஏ பிரிவு அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலாளி சேர்க்க மறுத்துவிட்டால் முதலில் யூனிட்டின் கமாண்டிங் அதிகாரிக்கு எழுதுங்கள். ராணுவ முத்திரையோடு ஒரு கடிதம் வந்ததுமே பல முதலாளிகள் இறங்கி வருவார்கள். வராவிட்டால், 7-ஏ பிரிவின் கீழ் எந்த அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்பதை யூனிட் அலுவலகத்திலிருந்தே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் திருநெல்வேலி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி இலவச சட்ட உதவி கேட்கலாம். போகும்போது அழைப்பு உத்தரவு, டிஸ்எம்பாடி உத்தரவு, முதலாளிக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், தபால் ரசீது, கடைசி மூன்று மாதச் சம்பளத்துக்கான ஆதாரம் ஆகியவற்றை இரண்டு பிரதிகளாக எடுத்துச் செல்லுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வர வேண்டாம்.